ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில்

சிம் கார்டு விற்பவளிடம் ஊரே நம்பர் வாங்கும். அவளைக் கூப்பிடத்தான் ஆள் இருக்காது. கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்து காலம் தள்ளுகிற என் இனத்தாருக்கு இது புரியும். நான் இருப்பது ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுப் பக்கக் கடை. படித்தது எம்.எஸ்சி. கணக்கு. சிரிக்காதீர்கள்.

கூட்டினால் எட்டு

சேத்தூரிலிருந்து வந்த ஒரு அண்ணாச்சி, நான் எடுத்து வைத்த நம்பரின் பத்து இலக்கங்களையும் விரல்விட்டுக் கூட்டினார். கடைசியில் எட்டு வந்தது. முகம் சுண்டிவிட்டது. எட்டு என்றால் சனி, ஒன்பதுக்குத்தான் எங்கள் கடையில் கிராக்கி.

"அண்ணாச்சி, கூட்டி வாரது வேற ஒண்ணுமில்ல. நம்பர ஒம்பதால வகுத்தா வருத மீதி, அம்புட்டுத்தான்" என்றேன். படித்ததை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டாமா? அவர் அட்டையை என் பக்கமே தள்ளினார்.

"எனக்கு மீதியெல்லாம் வேண்டாந் தாயி, மீதியில்லாத நம்பரா ஒண்ணு எடுத்துப் போடு."

யாரும் சீந்தாத நம்பர்

அந்த நம்பர் ஏழில் முடிந்தது. பிறகும் அதை யாரும் சீந்தவில்லை. ஆளில்லாத ஒரு மதியம் போனில் போட்டுச் சோதித்தேன். ஒன்றையும் தன்னையும் தவிர எதனாலும் வகுபடாத பகா எண்! இரண்டு தள்ளி, ஒன்பதில் முடிந்ததும் பகா எண்ணேதான். இரட்டைப் பகா எண்கள்! சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. ஏழில் முடிந்ததை நான் எடுத்துக்கொண்டு, மற்றதைப் பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்த என் வீட்டுக்காரருக்குக் கொடுத்தேன்.

மூன்று, ஐந்தை விட்டுவிட்டால், இப்படிப்பட்ட ஜோடிக்கு நடுவில் இருப்பது கட்டாயம் ஆறால் வகுபடும். எட்டில் முடிந்த இது ஒன்பதாலும் வகுபட்டது, அதாவது கூட்டினால் ஒன்பது. செட்டியார்பட்டி சண்முகத்தாய் அக்கா, மில் வேலைக்காரர், பார்த்ததும் வாங்கிப்போனார். இத்தனையையும் கடையில் கூட வேலை பார்க்கும் செல்வியிடம் மூச்சுவாங்கச் சொன்னேன்.

"வகுபடுதோ வகுபடலியோ, கூப்பிட்டா ரிங் போகுமாக்கா?"

ஞாயிற்றுக்கிழமை

லீவு முடிந்து அவர் போன மலையில் செல்போன் எடுக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் முகாம் போனுக்கு வரிசையில் நின்று, மனப்பாடமாக என் நம்பரை அழுத்துவார். வாரம் முழுக்க நான் காத்திருப்பது அதற்குத்தான். போன மாதம் ஒரு ஞாயிறு அழைப்பு வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் போனை மடியில் வைத்தபடியே கிடந்தேன். சோறு இறங்கவில்லை. அவருக்கு என்ன ஆனதோ என்று பயம்.

மறுநாள் சண்முகத்தாய் அக்கா ரீசார்ஜ் பண்ண வந்தார். தனிக்கட்டை. வந்தால் செத்த நேரம் நின்று பேசிவிட்டுத்தான் போவார். "நேத்து யாரோ ஒரு பட்டாளத்துக்காரரு நம்பர் மாத்திப் போட்டுட்டாரு. கொரகொரன்னு ஒண்ணும் வெளங்கல. முகாம்லருந்து பேசுதேன்னதும், சாப்ட்டியா, சாப்ட்டியான்னு கேட்டதும் மட்டுந்தான் கேட்டுச்சு" என்றார்.

எங்கள் நம்பர்களுக்குக் கடைசி இலக்கம்தான் வித்தியாசம். ஏழும் எட்டும் பக்கத்துப் பக்கத்துப் பொத்தான்கள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது, கூடவே அழுகையும். தப்பான நம்பர் என்று ஏன் சொல்லவில்லை என்று கோபமாகவே கேட்டேன்.

"எங்கிட்ட அப்படிக் கேக்க ஆரு இருக்கா தாயி? சாப்ட்டேன், நீங்க சாப்ட்டியளான்னு கேட்டுட்டு வச்சிட்டேன்."

இரட்டைப் பகா எண்களுக்கு நடுவில் இருப்பது ஆறால் வகுபடும் என்றுதான் எனக்குப் பாடம் நடத்தினார்கள்; என் பங்குச் சோற்றையும் அது சாப்பிட்டுவிடும் என்று யாரும் சொல்லவில்லை.