ராணியின் இரட்டைச் சுழி

1. இன்று காலை கோப்பெங் குதிரைப் பண்ணையில் ஈர வைக்கோல் வாசம் வந்தது.
2. நான் பரிசோதித்த குதிரையின் நெற்றிச் சுழி விரலில் பட்டது.
3. எனக்கு மறுபடி ஏழு வயதானது.

ஈப்போவில் சித்தப்பா வேலை பார்த்த லாயத்தில் ஒரே பழுப்பில் இரண்டு குதிரைகள். வெள்ளைக் கால் உள்ளது ராணி, அதன்மேல் ஏறத்தான் எனக்கு ஆசை. தீபாவளிக்குச் சுண்ணாம்பு அடித்த ஈரச் சுவரில் உரசி, அன்று இரண்டுமே வெள்ளைக் காலோடு நின்றன.

“ராணி எதுன்னு சொல்லு, ஏத்திவிடுறேன். தப்புன்னா நடந்தே புந்தோங் வீட்டுக்குப் போலாம் லா!” என்றார் சித்தப்பா.

குளம்பு, முழங்கால், பிடரி என்று தேடிக்கொண்டே போய், கேரட் ஊட்டும்போதெல்லாம் நான் வருடிய இரட்டைச் சுழியை நெற்றியில் கண்டதும் கத்தினேன்: “இதுதான்!”

“அடிப்பாவி, எனக்கே தெரியலியே!” என்று தூக்கி ஏற்றினார். ராணியின் முதுகு வெதுவெதுப்பாக இருந்தது.

அந்த லாயம் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். நான் இன்றும் எந்தக் குதிரையிடமும் முதலில் சுழியைத்தான் பார்க்கிறேன்.