சவரிமுத்து இறந்துவிட்டார் என்று மொழிபெயர்த்தேன்

1. லொறியில் வந்தவர்

அந்த ஆளை ஒரு புதன்கிழமை காலை தோட்டத்து லொறியில் கொண்டுவந்து இறக்கினார்கள். இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்திருந்தார்கள். அவர் திமிறவில்லை. கூடவே தோட்டத்துத் துரையின் கடிதமும் வந்தது. பேர் சவரிமுத்து, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து வேலை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கூப்பிட்டால் மூன்று வாரமாகப் பதில் சொல்வதில்லை. வேலை இல்லையென்று திருப்பி அனுப்பினாலும் மறுநாள் வந்து நிற்கிறார். கணக்கப்பிள்ளையோடு ஓயாத சண்டை. புத்தி பேதலித்ததாகத் தெரிகிறது. கடிதத்தின் சாரம் இவ்வளவுதான்.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. இலங்கை மலைநாட்டில் லிந்துலைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நான் இரண்டாம் கிளார்க். தோட்டத்தில் பிறந்து அட்டனில் இங்கிலீஷ் படித்தவன் என்பதால் மொழிபெயர்ப்பு வேலையும் என் தலையில் விழுந்திருந்தது. கடிதத்தைப் பார்த்து, கட்டில் தலைமாட்டில் தொங்கவிடும் டிக்கெட்டை எழுதினேன். பேர்: சவரிமுத்து. அவரைக் கேட்கவில்லை. கடிதத்தில்தான் இருந்ததே.

2. நீல அட்டை, மஞ்சள் அட்டை

மிஸ் ஜயவீர அப்போது எங்கள் ஆஸ்பத்திரியில் தங்கி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். கொழும்புக்காரர், சீமையில் மனோதத்துவம் படித்தவர். தான் டாக்டர் இல்லை என்று தினமும் ஒருவருக்காவது சொல்லுவார். எல்லோரும் கேட்டுக்கொண்டு டாக்டரம்மா என்றே கூப்பிட்டார்கள்.

மனக்கோளாறுகளைச் சரியாக வகை பிரிப்பது எப்படி என்பது அவருடைய ஆராய்ச்சி. மனநோய் என்றால் நீல அட்டை. ஆளுமைக் கோளாறு என்றால் மஞ்சள் அட்டை. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன்.

“நோய் ஒருநாள் வருகிறது, மிஸ்டர் தங்கராஜ். ஆளுமை ஆளோடு கூடவே வளருகிறது. எல்லோரையும் சந்தேகப்படுவது, எல்லோரோடும் மோதுவது, அதனால் வேலையும் வாழ்க்கையும் கெடுவது. அது மஞ்சள்.”

எங்கள் பெரிய டாக்டர் எந்த அட்டை என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

சவரிமுத்துவுக்கு முதலில் மஞ்சள் அட்டைதான் எடுத்துவைத்தார். கடிதத்தில் இருந்த சண்டை விவரம் அதற்குப் பொருத்தமாக இருந்தது. பிறகு பேட்டி தொடங்கியது. மிஸ் ஆங்கிலத்தில் கேட்பார். நான் தமிழில் சொல்லி, பதிலை ஆங்கிலத்தில் திருப்புவேன்.

“சவரிமுத்து, ஏன் பெரட்டில் பதில் சொல்வதில்லை?”

அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: “சவரிமுத்து செத்துட்டானுங்க. செத்தவன் எப்படிப் பதில் சொல்லுவான்?”

மொழிபெயர்த்தேன். மிஸ்ஸின் பேனா நின்றது.

“எப்போது செத்தார் என்று கேளுங்கள்.”

“பதினோரு வருசமாச்சிங்க. மஞ்சக்காமாலை. நானே மண்ணு போட்டேன்.”

அதையும் சொல் பிசகாமல் மொழிபெயர்த்தேன். மிஸ் தன் அறைக்குப் போய் ஒரு தடித்த புத்தகத்தைக் கொண்டுவந்தார். தான் இறந்துவிட்டதாகவே நம்புகிற ஒரு நோய் உண்டாம், மிக அபூர்வமாம். அந்த நோயாளிகள் பெரிய பட்டணங்களில்கூட லேசில் அகப்படமாட்டார்களாம். தன்னைத் தானே புதைத்ததாகச் சொல்லும் நோயாளி புத்தகத்திலேயே இல்லை. மஞ்சள் அட்டையை உள்ளே வைத்துவிட்டு நீல அட்டை எடுத்தார். இரண்டு பக்கமும் நிரம்பியது.

ஐந்தாவது வாரத்தில் பெரிய டாக்டர் உத்தரவில் கையெழுத்து வைத்தார். வியாழக்கிழமை சவரிமுத்துவைக் கொழும்புப் பக்கத்துப் பெரிய மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். தோட்டத்திலிருந்து அங்கே போன யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

3. இல்லாத நோயாளியைத் தேடி வந்தவர்

அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை எனக்கு டியூட்டி. கேட்டில் காவலாளி ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். இல்லாத ஆளைக் கேட்டு நாலு ஞாயிறாக வருகிறாள், இவளையும் உள்ளே சேர்க்க வேண்டியதுதான் என்று சிங்களத்தில் என்னிடம் சொன்னார்.

“யாரைப் பாக்கணும்மா?”

“எங்க வீட்டுக்காரரங்க.” புருஷன் பேரைச் சொல்லக் கூசினார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “ஆரோக்கியம்ங்க.”

“அப்படி யாரும் இங்க இல்லையே.”

“தோட்டத்து லொறியிலதானே ஏத்திக்கிட்டு வந்தாங்க. நெத்தியில தழும்பு இருக்கும். கவ்வாத்துக் கத்தி பட்டது.”

அந்தத் தழும்பை நான் ஐந்து வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அவரு பேரு சவரிமுத்து இல்லையா?”

“அது அவரு அண்ணன் பேருங்க. அண்ணன் செத்தப்ப, தன் பேர்க்கணக்குல ஆள் கொறையக்கூடாதுன்னு பெரிய கங்காணி இவர அந்தப் பேருலயே வேலைக்கு நிப்பாட்டிட்டாரு. அப்ப யாரும் ஒண்ணும் நெனைக்கல. இப்ப பிரஜாவுரிமைக்கு எழுதிப்போடப் போனா, ஞானஸ்நானச் சீட்டுல ஒரு பேரு, தோட்டத்துச் சம்பளப் புத்தகம் செக்ரோல்ல ஒரு பேரு. மாத்திக் குடுங்கன்னு கேட்டாரு. யாரும் கேக்கல. அண்ணன் பேரக் கூப்பிட்டா இனிமே வாயத் தொறக்கமாட்டேன்னு நின்னுட்டாரு.”

நான் ஒரு சொல்லையும் மாற்றாமல்தான் மொழிபெயர்த்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. எந்தச் சவரிமுத்து என்று ஒரு தடவை திருப்பிக் கேட்டிருந்தால் போதும்.

அந்த அம்மாவை உள்ளே அழைத்துப்போய் உட்காரவைத்தேன். மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போய்ச் சுவாமியாரிடம் பழைய பதிவேடுகளைக் கேட்டேன். ஞானஸ்நானப் பதிவில் சவரிமுத்து இருந்தார், நாலு வருஷம் தள்ளி ஆரோக்கியம் இருந்தார். அடக்கப் பதிவில் சவரிமுத்து மட்டும் இருந்தார். நகல் எழுதி வாங்கினேன்.

4. கையெழுத்து

மிஸ் நகலை இரண்டு தடவை படித்தார். பிறகு வார்டுக்குப் போய் ஆரோக்கியத்தின் கட்டிலருகே நின்றார்.

“இதை ஏன் எங்களிடம் சொல்லவில்லை?”

“சொன்னேனேங்க. மொத நாளே சொன்னேன். இந்த ஐயாதான் இங்கிலீசுல சொன்னாரு.”

இதையும் நானே மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

பெரிய டாக்டர் வியாழக்கிழமை உத்தரவை ரத்து செய்ய ஒப்புக்கொண்டார். ஆனால் ரெஜிஸ்டரில் முடிவு என்று ஒரு கட்டம் இருந்தது. நோயில்லாதவரை ஐந்து வாரம் வைத்திருந்ததாக எழுத முடியாது, ‘குணமானார்’ என்று எழுதி அனுப்பிவிடலாம் என்றார். எழுதிக்கொண்டுபோய் நீட்டினேன். ஆரோக்கியம் எழுத்துக் கூட்டி வாசித்தார்.

“இதுல சவரிமுத்துன்னு இருக்குங்க. நான் கையெழுத்துப் போடமாட்டேன்.”

“வீட்டுக்குப் போகத்தானே போடச் சொல்றோம்.”

“போட்டா நான் அவனாயிடுவேன். அதுக்குப் பெரட்டுலயே பதில் சொல்லியிருக்கலாமே.”

பெரிய டாக்டர் மிஸ்ஸைப் பார்த்தார். “பார்த்தீர்களா, நோய் இருக்கிறது.”

“இல்லை, டாக்டர். அவர் பிடிவாதக்காரர். அவர் சொல்வது சரியாகவும் இருக்கிறது. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் எந்த அட்டையில் எழுதுவது என்று நான் யோசித்ததில்லை.”

கடைசியில் பழைய பதிவைச் சிவப்பு மையில் அடித்து, பேர் பிழை என்று எழுதுவதென்று முடிவானது. யாருடைய பிழை என்று பெரிய டாக்டர் கேட்டார். தோட்டத்தின் பிழை என்று எழுதினால் துரை விடமாட்டார். ஆஸ்பத்திரியின் பிழை என்றால் மேலிடம் விடாது.

“கிளார்க்கின் பிழை என்று எழுதுங்கள், சேர்” என்றேன். உண்மையும் அதுதான். எல்லோருக்கும் வசதியாகவும் இருந்தது. என் பர்சனல் ஃபைலில் ஓர் எச்சரிக்கைக் கடிதம் ஏறியது. ஆரோக்கியம் தன் பேரில் கையெழுத்துப் போட்டுவிட்டு மனைவியோடு நடந்து போனார்.

5. விசாரணை

சில மாதம் கழித்து ஆரோக்கியமே வந்து பிரஜாவுரிமை அலுவலகத்துக் கடிதம் ஒன்றைக் காட்டினார். ஆரோக்கியம் என்ற பேரில் அந்தத் தோட்டத்தில் யாரும் வேலை செய்ததில்லை, ஆகவே விண்ணப்பத்தை ஏற்க முடியாது என்று இருந்தது. கொழும்புக்குத் திரும்பியிருந்த மிஸ்ஸுக்கு எழுதினேன். அடுத்த விசாரணைக்கு அவர் கொழும்பிலிருந்து ரயிலேறி வந்தார். இந்த மனிதர் தன்னை யாரென்று சொல்கிறாரோ அவர்தான் என்று நின்று சாட்சி சொன்னார். அன்றைக்கும் நான்தான் மொழிபெயர்த்தேன். ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால், இதைத்தானே சொல்றீங்க என்று ஆரோக்கியத்திடம் கேட்டுக்கொண்டேன். நேரமாகிறது என்று அதிகாரி இரண்டு தடவை கடிந்துகொண்டார்.

ஒரு வருஷத்துக்குப் பிறகு அவருக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. பேரில் எந்தக் குழப்பமும் இல்லாத பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரருக்குக் கிடைக்கவில்லை. காரணம் எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரி வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல முடிந்தது ஒன்றுதான். கடிதத்தைப் பார்த்துப் பேர் எழுதாதீர்கள். கட்டிலில் இருப்பவரைக் கேளுங்கள். அவர் சொல்வது விசித்திரமாகப் பட்டால், வகை பிரிப்பதற்கு முன்னால் அது உண்மையா என்று ஒரு தடவை விசாரித்துப் பாருங்கள். எனக்கு அதற்கு ஒரு நாள் லீவுதான் செலவானது.