கிரேக்கத்திலிருந்து ஒரு பிடி மண்

பிரெஞ்சிலிருந்து நான் தமிழாக்கிக்கொண்டிருந்த கிரேக்க நாடகத்தில் வரும் ராஜா அதன் நாயகிக்கு என்ன முறை என்பதில்தான் எனக்கு முதல் தகராறு வந்தது. பிரெஞ்சில் ‘ஓன்க்ல்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். பெரியப்பாவும் ஓன்க்ல், சித்தப்பாவும் ஓன்க்ல், மாமாவும் ஓன்க்ல். தமிழில் அப்படி மழுப்ப முடியாது. ராஜா மேடைக்கு வந்து நின்றதும் அவள் அவரை என்னவென்று கூப்பிடுவாள்? புத்தகத்தின் முன்பக்கத்தில் இருந்த வம்சப் படத்தை விரலால் தடவிக்கொண்டே போனேன். அம்மாவின் கூடப்பிறந்தவர். அதாவது தாய்மாமன். அவருடைய மகனுக்குத்தான் அவளைப் பேசி வைத்திருக்கிறார்கள்.

ஆக, கிரேக்கத்து ராஜகுமாரி மாமன் மகனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். பாரீசில் அச்சான அந்தப் புத்தகத்தில் இதற்குக் கீழே பொடி எழுத்தில் விளக்கம் கொடுத்திருந்தார்கள். எங்கள் சொந்த ஊரான நெடுங்காட்டில் இதற்கு விளக்கம் சொன்னால் சிரிப்பார்கள்.

நான் காரைக்காலில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு ஆசிரியை. கோபக்காரி என்று பெயர் எடுத்தவள், அந்தப் பெயரை மாற்றிக்கொள்ளும் உத்தேசமும் இல்லை. அங்கே பிரெஞ்சு படித்தவர்கள், பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தா பென்ஷன் வாங்கும் குடும்பத்துக்காரர்கள், சில ஆசிரியர்கள் சேர்ந்து வருஷத்துக்கு ஒரு நாடகம் போடுவோம். பிரெஞ்சில் போடுவோம், யாருக்கும் புரியாது, எல்லோரும் கை தட்டுவார்கள், டீ குடித்துவிட்டுக் கலைவோம். இந்த வருஷம் தமிழில் போடலாம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். எந்த நாடகம் என்று கேட்டபோது இதைத்தான் போட வேண்டும் என்று அதிலும் பிடிவாதம் பிடித்தேன்.

கதை சின்னதுதான். அண்ணன் தம்பி இருவர் ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டுச் செத்துவிடுகிறார்கள். ஒருவனுக்கு மரியாதையோடு அடக்கம், இன்னொருவன் ஊருக்குத் துரோகி, அவன் உடல் நாய்க்கும் பறவைக்கும் வெளியிலேயே கிடக்கட்டும் என்று ராஜா உத்தரவு போடுகிறார். யார் தொட்டாலும் மரண தண்டனை. கூடப்பிறந்த தங்கை போகிறாள். வெறுங்கையால் மண்ணை அள்ளி அவன் மேல் போடுகிறாள், பிடிபடுகிறாள்.

இந்தக் கதையை ரோமர்கள் எடுத்துத் தங்கள் ரத்தத்தையும் பேயையும் சேர்த்தார்களாம். பிரெஞ்சுக்காரர்கள் அதற்குப் பொய்முடி வைத்துப் பட்டுச்சட்டை மாட்டிவிட்டார்களாம். ஒவ்வொரு தேசமும் தன் வீட்டுச் சாவை அதற்குள் கொண்டுபோய் வைத்தது என்று முன்னுரையில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. எனக்கு முன்னுரைகளில் பொறுமை கிடையாது. ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் மூடிவிட்டுப் போக முடியவில்லை, ஏனென்றால் எங்கள் வீட்டிலும் ஒரு சாவு வைக்க இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தது.

என் அண்ணன் கொரோனாவில் போனார். நெல் சாகுபடிதான் அவருக்கு உலகம். நல்ல உயரம், வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்றால் மடையில் இறங்கி நின்று அவர் சத்தம் போடுவது அடுத்த தெருவுக்குக் கேட்கும். ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவரைத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக்கில் சுற்றித்தான் காட்டினார்கள். முகத்தைக்கூடக் காட்டவில்லை. எங்களில் எரிப்பதுதான் வழக்கம். அந்த வாரத்தில் அதற்கு வழியில்லை என்றார்கள். ஆற்றோரத்தில் ஒரு திடலில் குழி வெட்டியிருந்தார்கள்.

எங்கள் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. அன்றைக்கு ஆண்களையும் விடவில்லை. தெருவே கதவைச் சாத்திக்கொண்டிருந்தபோது அண்ணியும் நானும் மட்டும் போனோம். ரோட்டிலேயே போலீஸ்காரர் நிறுத்திவிட்டார். அண்ணியின் முந்தானையில் அரிசி முடிந்திருந்தது, வாய்க்கரிசி. கடைசியாக ஒரு பிடி அரிசியை அந்த வாயில் போட்டுவிட்டால் போதும் என்று அவரிடம் கெஞ்சினார். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அவரைத் திட்டவும் எனக்கு அன்று தெம்பில்லை.

தூரத்தில் ஜேசிபி தெரிந்தது. தலையிலிருந்து கால்வரை மூடிய உடை போட்ட நான்கு ஆட்கள் தெரிந்தார்கள். ஜேசிபி கிளம்பியது, என்னவோ தகராறு போலத் திரும்பி வந்தது, மறுபடி வெட்டியது. பிறகு இறக்கினார்கள். இறக்கிவிட்டு அந்த நான்கு பேரும் குனிந்து குனிந்து கையால் மண்ணை அள்ளிப் போட்டார்கள். அண்ணி ஒரு சத்தம் போட்டார். அப்படியொரு சத்தத்தை அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

எங்கள் பக்கத்தில் மண்ணைக் கையால் அள்ளுவது எதற்கென்று சொல்லத் தேவையில்லை. தெருச்சண்டையில் வயிறு எரிந்த பெண் தலையை அவிழ்த்துவிட்டு நடுத்தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றுவாள். நீ விளங்கமாட்டாய், உன் குடும்பம் விளங்காது என்று அர்த்தம். அரிசி விழ வேண்டிய வாயில் மண் விழுந்தது. அண்ணிக்கு அதற்குமேல் எதுவும் காதில் ஏறவில்லை. ஒவ்வொரு வருஷமும் திதிக்குப் படையல் போடுவார், எல்லோருக்கும் பரிமாறுவார், தான் மட்டும் ஒரு வாய் சாப்பிடமாட்டார். கேட்டால் ஒரே பதில்தான்.

“குனிஞ்சு குனிஞ்சு வீசுனானுங்கம்மா. நாய்க்குழியில போடுற மாதிரி. எப்படி அடங்குவாரு அவரு?”

அவர் அடங்கவில்லை என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, நாடகத்துக்கு வருகிறேன். தங்கை வேஷம் போட்டவர் எங்கள் பள்ளியின் சரித்திர ஆசிரியை. டவுனில் பழைய முஸ்லிம் குடும்பம், அந்தக் காலத்தில் கப்பல் ஓட்டியவர்கள், இப்போது தம்பி கடை வைத்திருக்கிறார். எங்கள் கணக்கு வாத்தியார்தான் ராஜா. தாய்மாமன் என்று சொன்னதும் அவருக்கு நடிப்பே மாறிவிட்டது. “மாமன்காரன் சீர் செய்யணுங்க, இவன் பொணத்தப் போட்டு வச்சிருக்கான்” என்று அவரே தன் வேஷத்தைத் திட்டிக்கொண்டு ஒத்திகைக்கு வந்தார். சவத்தின் மேல் தங்கை மூன்று முறை சடங்குநீர் வார்க்கிறாள் என்று பிரெஞ்சில் இருந்ததைப் பால் தெளிப்பதாக எழுதினேன். அதற்குத் தமிழில் இடம் இருந்தது. மண்ணுக்கு இடம் இருக்கிறதா என்று நான் யோசிக்கவே இல்லை. புத்தகத்தில் மண் என்று இருந்தது, மண் என்று எழுதினேன்.

ஒத்திகையை ஓரமாக நின்று பார்த்த பள்ளி ஆயா என் பக்கத்தில் வந்தார். முகம் சுருங்கிப் போயிருந்தது.

“என்னங்க டீச்சர் இது? செத்துக் கெடக்குறவன், அதுவும் கூடப் பொறந்தவன். அவனப் போயி தூத்துறாளே?”

அவர் சொன்னது சரிதான். மேடையில் நான் எழுதி வைத்திருந்தது பாசம் இல்லை, சாபம். அன்று திடலில் பார்த்ததையே என் கையால் எழுதி, ஒரு பெண்ணை அதைச் செய்ய வைத்துவிட்டேன். அன்றைக்கே பேனாவை எடுத்து மண்ணை அடித்தேன். தங்கை முந்தானையில் வாய்க்கரிசி முடிந்து வருகிறாள் என்று மாற்றி எழுதினேன். ரோமர்களும் பிரெஞ்சுக்காரர்களும் அவரவர் இஷ்டத்துக்கு மாற்றியிருக்கிறார்கள், நான் மட்டும் என்ன குறைச்சல்?

மறுநாள் சரித்திர டீச்சர் தாளைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். மதியச் சாப்பாட்டு நேரம், ஆசிரியர் அறையில் நாங்கள் இருவர்தான்.

“டீச்சர், பொணம் வெட்டவெளியில கெடக்குது. காக்கா கழுகு தின்னக் கூடாதுன்னுதான் அவ உசுரக் குடுத்து மூட வர்றா. நீங்க அரிசியப் போடச் சொல்றீங்க. ஊர்ல உள்ள காக்கா பூரா வந்துராதா?”

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, மண் போட்டால் எங்கள் ஜனங்கள் அதைத் தூற்றுவதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள் என்று கொஞ்சம் சூடாகவே சொன்னேன்.

“எங்கள்ல அப்படி இல்லங்க. மவுத்தான வீட்டுக்குப் போயிட்டு வந்தா, மண்ணு போட்டுட்டு வந்தேன்னுதான் ஆம்பளைங்க சொல்லுவாங்க. அடக்கத்துக்குப் போற ஒவ்வொருத்தரும் மூணு பிடி போடணும். எங்கேயோ தெரியாத ஊர்ல செத்தவனா இருந்தாலும் சரி. அதுதான் அவனுக்கு நாம செய்யிற கடைசி மரியாதை. பொம்பளைங்க நாங்களும் போறதில்ல. அதனாலதான் இந்த வேஷத்த நான் கேட்டு வாங்குனேன்.”

அவர் சாப்பாட்டு டப்பாவை மூடினார்.

“ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா இருந்துச்சு. சொன்னா உங்களுக்குக் கஷ்டமா இருக்குமோன்னு சொல்லல. கொரோனாவுல செத்தவங்கள அடக்கம் பண்ண எங்க பசங்க போனாங்கள்ல, அதுல என் தம்பியும் போனான். உங்க அண்ணனுக்கும் அவன்தான் போனான். எனக்கே பின்னாடிதான் தெரியும்.”

அது என் அண்ணன்தான் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“பேரு எழுதி ஒட்டியிருந்துச்சாம், நெடுங்காடுன்னு போட்டு. ‘நல்ல உசரமான ஆளு, லாத்தா, வெட்டுன குழி பத்தல’ன்னு அக்கா எங்கிட்ட வந்து சொன்னான். ஜேசிபிக்காரரு கெளம்பிட்டாராம். காலை மடக்கி வச்சிரலாம்னு யாரோ சொன்னதுக்கு இவனுங்க சண்டை போட்டுத் திரும்பக் கூப்பிட்டு வெட்ட வச்சிருக்கானுங்க. நீட்டிப் படுக்க வச்சிட்டு, ஆளுக்கு மூணு பிடி போட்டுட்டுத்தான் மெஷின விட்டாங்களாம்.”

ஜேசிபி திரும்பி வந்ததை நான் பார்த்திருந்தேன். அதைத் தகராறு என்று நினைத்திருந்தேன். தகராறுதான், என் அண்ணனுக்காக நடந்த தகராறு. நான் அழுதேன். சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்ததும் அப்படியே வகுப்புக்குப் போனேன். பிள்ளைகள் அன்றைக்கு ஒரு சத்தமும் போடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நெடுங்காட்டுக்குப் போய் அண்ணியிடம் சொல்லப் பார்த்தேன். பாதியிலேயே கையை உயர்த்தி நிறுத்திவிட்டார். “சமாதானம் சொல்ல வராதம்மா. என் கண்ணால பாத்தேன்.” அதற்குமேல் பேசினால் எழுந்து உள்ளே போய்விடுவார் என்று தெரியும். நாடகத்துக்காவது வாருங்கள் என்று கேட்டேன். நீ எழுதியது என்பதால் வருகிறேன் என்றார். என்ன நாடகம் என்று அவர் கேட்கவில்லை, சொல்ல எனக்குத் தைரியமில்லை.

தாளில் மறுபடியும் மண்ணை எழுதினேன். எப்படிப் போட வேண்டும் என்பதை மட்டும் சரித்திர டீச்சரிடம் விட்டுவிட்டேன்.

நாடகத்தன்று சாயங்காலம் அண்ணி பஸ்ஸில் வந்து இறங்கினார். இரண்டாவது வரிசையில் என் பக்கத்தில் உட்கார வைத்தேன். எனக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. அந்தக் காட்சியில் அவர் எழுந்து கத்தினால் என்ன செய்வது? பாதியில் வெளியே போனால்? எந்த மகராசி என்னை இந்த நாடகத்தை எடுக்கச் சொன்னாள் என்று என்னையே திட்டிக்கொண்டேன். ராஜா உத்தரவு போட்டார். வெளியே கிடக்கட்டும், யாரும் கிட்டே போகக்கூடாது என்றார். அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சரித்திர டீச்சர் வந்தார். தலையில் முக்காடு, கையில் ஒன்றுமில்லை. சவத்தின் பக்கத்தில் குனிந்து முதல் பிடியை அள்ளினார். பின்வரிசையில் யாரோ “ஐயோ, தூத்துறா” என்றார்கள். அண்ணியின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது, நகம் பதிந்தது. டீச்சர் வீசவில்லை. நெஞ்சுக்கு நேரே கையைக் கொண்டுபோய் விரல்களை மெல்லத் திறந்தார், தூங்கும் குழந்தைக்குப் போர்வையை இழுத்து விடுவது போல. மறுபடி குனிந்தார். மறுபடியும் குனிந்தார். பிறகு நிமிர்ந்து, அவ்வளவுதான் என்பது போல நின்றார்.

அண்ணி என் கையை விடவில்லை. நாடகம் அது பாட்டுக்கு ஓடியது, ராஜாவின் வீடு அழிந்தது, எல்லோரும் கை தட்டினார்கள். அண்ணி எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை. கூட்டம் கலைந்ததும் சரித்திர டீச்சர் கையில் ஒட்டிய மண்ணோடு இறங்கி வந்தார். அண்ணி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அன்னிக்கும் மூணு தடவதாம்மா குனிஞ்சாங்க,” என்றார் என்னிடம். “நாலு பேரும். மூணு மூணு தடவ. வீசல. நான்தான் வீசுனதாப் பாத்திருக்கேன்.”

அது என்ன வழக்கம் என்று சரித்திர டீச்சர் அவருக்குச் சொன்னார். குழி பத்தாமல் திரும்ப வெட்ட வைத்ததையும் சொன்னார். இந்த முறை அண்ணி கையை உயர்த்தி நிறுத்தவில்லை. காலை மடக்கவிடாமல் நீட்டிப் படுக்க வைத்தார்கள் என்ற இடத்தில் மட்டும், “கட்டில்லயே கால் வெளிய நீட்டிக்கிட்டுத்தான் இருக்கும் அவருக்கு” என்றார். சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோவில் போனோம். பஸ் நின்றுகொண்டிருந்தது. அண்ணி ஒரு காலைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

“காலையில வந்துருறேன். அந்தத் திடலுக்குக் கூட்டிட்டுப் போ.”

எதற்கு என்று கேட்டுவிட்டேன். என் புத்தி அப்படி.

“அவங்கெல்லாம் போட்டுட்டாங்கள்ல,” என்றார் அண்ணி. “நாமதானே இன்னும் போடல.”