காப்பி குடோனில் ஒரு நைட் கிளப்

கல்யாணமாகி நான் ஏற்காட்டுக்கு வந்தபோது எங்கள் பக்கத்துக் கட்டிடம் ஒரு நைட் கிளப். எண்பதுகளின் தொடக்கம். பெயர்தான் அவ்வளவு பெரிது. உண்மையில் அது ஒரு பழைய காப்பி குடோன். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆங்கிலோ இந்தியர் ஒருவரும் அவர் மனைவியும் அதை வாடகைக்கு எடுத்து, நீல வண்ணம் அடித்து, சனிக்கிழமை ராத்திரி நடனம் நடத்தினார்கள். டிரம்ஸ் வாசித்தவர், சேலத்திலிருந்து வந்து இங்கேயே தங்கும் கடைசி பஸ்ஸின் கண்டக்டர். பஸ் தாமதமானால் பாட்டும் தாமதம்.

எங்கள் பக்கம் கிளப் என்றால் சாப்பாட்டுக் கடை. அதனால் பலகை மாட்டியபோது, "ராத்திரி இட்லி போடுவாங்களாட்டம் இருக்குது" என்று என் மாமியார் சந்தோஷப்பட்டாராம். இட்லிக்குப் பதில் டிரம்ஸ்தான் வந்தது. எங்கள் அலமாரியில் டம்ளர்கள் கிடுகிடுவென்று ஆடின. பல வாரம் பொறுத்தவர், ஒரு சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டார்.

"வா கண்ணு, நறுக்குனு நாலு வார்த்தை கேட்டுட்டு வந்தரலாம். நீ இங்கிலீசுல கேளு, நான் தமிழ்ல கேக்கறேன்."

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு விறுவிறுவென்று உள்ளே நுழைந்தார். ஆடுகிறவர்களின் கால் வழுக்கிப் போவதற்காகத் தரையில் முகப்பவுடர் தூவியிருந்தது எங்களுக்குத் தெரியாது. மாமியார் சர்ரென்று சறுக்கினார். எதிரே நின்ற கிளப்காரர் பதறிப்போய் இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்ள, போன வேகத்தில் இருவரும் ஒரு முழுச் சுற்று சுற்றி நின்றார்கள். புது நடனம் என்று நினைத்துக் கூட்டமே கைதட்டியது.

மாமியார் முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"ஏனுங்க, இப்படிப் பவுடரைக் கொட்டி வெச்சா மனுசன் எப்படிங்க நிக்கறது?"

"நிக்கக் கூடாதுன்னுதாங்க கொட்டறோம்" என்றார் கிளப்காரர்.

மாமியார் சிரித்துவிட்டார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து அதுவரை நான் கேட்டதில்லை. "ஆட்டம்னா கால் பதிய ஆடோணுமுங்க" என்றவர், என்னையும் கிளப்காரர் மனைவியையும் நடுவில் இழுத்துவந்து கும்மி அடிக்க ஆரம்பித்தார். கண்டக்டர் கொஞ்சம் தடுமாறிப் பிறகு தாளத்தைப் பிடித்துக்கொண்டார். பவுனில் கம்மல் போட்ட ஒரு டீச்சரம்மா முதலில் சேர்ந்தார். பிறகு பாதி அறை சேர்ந்துவிட்டது.

வீடு திரும்பும்போது, "அத்தை, சத்தத்தைப் பத்திக் கேக்கவே இல்லீங்களே?" என்றேன்.

"நாமளே நொம்ப சத்தம் போட்டுட்டோமே கண்ணு, இனி எந்த மூஞ்சிய வெச்சுட்டுக் கேக்கறது?"

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் கடைசி ஆட்டம் கும்மிதான். எஸ்டேட் பெண்களும் காப்பிப் பழம் பறித்த அலுப்போடு வர ஆரம்பித்தார்கள்.

தொண்ணூறுகளில் அந்தத் தம்பதி மகளோடு இருக்க ஆஸ்திரேலியா போனார்கள். பிறகு குடோனின் சொந்தக்காரர் அதை அறை அறையாகத் தடுத்து லாட்ஜ் ஆக்கினார். அவர்கள் கிளம்பும் முன் நடந்த கடைசி சனிக்கிழமை ஆட்டத்துக்கு, வேறு ரூட்டுக்கு மாறிப் போயிருந்த கண்டக்டர் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். எஸ்டேட்டில் ஆட்களுக்குக் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்த என் கணவர், ஆட்கள் பார்த்தால் மரியாதை போய்விடும் என்று அத்தனை வருஷமும் வாசலோடு நின்றவர். அன்றைக்கு அவராகவே உள்ளே வந்து என் கையைப் பிடித்தார். ஆட்டம் சுத்தமாக வரவில்லை. என் காலை நன்றாக மிதித்தார். எஸ்டேட் பெண்கள் விசில் அடித்தார்கள். அவர் நிறுத்தவே இல்லை.