எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றியவள்

முப்பிடாதியம்மாளைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் நடந்தது முழுக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் இருந்த அரிசி மில்லில் அவள் அரிசி புடைத்தாள். குத்துக்கல்வலசைக்காரி. புருஷன் சங்கரபாண்டி அதே மில்லில் மிஷினுக்கு நெல் கொட்டுகிறவன். பிள்ளை இல்லை. அதற்காக ஊர் பேசிய பேச்சையெல்லாம் அவன் ஒருவன் துணையில்தான் தாங்கினாள். மத்தியானம் இரண்டு பேரும் ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிடுவார்கள்.

நான் தில்லைநாயகம், மில்லின் கரண்டு வேலைக்காரன். 1946 ஆனியில் எண்ணெய் எஞ்சினை எடுத்துவிட்டு மோட்டார் வைத்தபோது எர்த் குழி தோண்டினேன். மோட்டாரின் இரும்பு உடம்பில் மின்சாரம் கசிந்தால், ஆளைப் பிடிக்காமல் மண்ணுக்குள் இறங்க அதுதான் வழி. செப்புத் தகட்டைப் புதைத்துச் சுற்றிலும் கரியும் கல்லுப்பும் கொட்டினேன். செம்பு காய்ந்தாலும் நனைந்தாலும் மின்சாரத்தைக் கடத்தும். உப்பு அப்படியில்லை. காய்ந்து கிடந்தால் துளியும் விடாது, தண்ணீரில் கரைந்தால்தான் வழிவிடும். அதனால் தினமும் இரண்டு குடம் ஊற்ற முப்பிடாதியை வைத்தேன்.

இதை அவளிடம் சொல்ல எத்தனை நேரமாகும்? சொல்லவில்லை. தகடு, கரி, உப்பு என்று நான் புதைப்பதைப் பார்த்துவிட்டு, "இது எந்தச் சாமிக்கு ஊத்துதது அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

எனக்குக் குசும்பு. "கரண்டு மாடன். துடியான சாமி, சுத்தபத்தமா ஊத்து" என்றேன்.

மில்லே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை, காலைக் கழுவிவிட்டு வந்து ஊற்றினாள்.

மாதத்தில் மூன்று நாள் வீட்டுக்குத் தூரமாக இருக்கும்போது வேலைக்கு வருவாள், குழிப் பக்கம் மட்டும் போகமாட்டாள். வேறு ஆளிடம் சொல்லக் கூச்சம். சாரலிலும் ஐப்பசி மழையிலும் மண்ணே ஈரமாக இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. பங்குனி வெயிலில் சரள் மண் வெடித்தது. நானாவது எட்டிப் பார்த்தேனா? அந்த மாதம் அவள் தண்ணீர் ஊற்றாத மூன்றாம் நாள் மோட்டாரில் கசிவு. அதில் வைத்த கையைச் சங்கரபாண்டியால் எடுக்க முடியவில்லை.

அவனைத் தூக்கிக்கொண்டு போன பிறகு குழியைக் கிளறினேன். உப்பு காய்ந்து கட்டிகட்டியாகக் கிடந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து முப்பிடாதி வந்தாள். "தீட்டோட மில்லுக்குள்ள வந்தேன்லா, அது மாடனுக்குப் பொறுக்கல. அவுகளக் கொண்டுட்டுப் போயிட்டான்" என்று அழுதாள்.

அந்தப் பழியை அவள் சுமப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. "மாடனும் இல்ல, ஒண்ணும் இல்ல தாயி. தண்ணி இல்லாம உப்பு காஞ்சு போச்சு. ஈரமா இருந்தா கரண்டு மண்ணுக்குள்ள போயிருக்கும்."

அவள் அழுகை நின்றது. "அப்போ தீட்டோட ஊத்தியிருந்தாலும் அவுக பொழச்சிருப்பாகளா?"

"பொழச்சிருப்பான்."



"மாடன்னு சொன்ன வாயால இதையும் ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா அண்ணாச்சி?"