நான் ஐந்து என்று சொன்ன சனிக்கிழமை

2001 நவம்பர் 17, சனிக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். முந்தின இரவிலிருந்து தூறல் விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. மேகம் அடைத்துக்கொண்டதில் சிறுமலைப் பக்கம் மலை இருந்த இடமே தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் படம் காட்ட மறுத்து வெறுமே பீப் பீப் என்று கத்தியது.

இவ்வளவு துல்லியமாக எப்படி நினைவிருக்கிறது என்று கேட்பவர்களுக்கு என்னைத் தெரியாது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. எங்கள் தெருவில் மின்கம்பங்கள் பதினொன்று, மாடிப்படிகள் பதினேழு. கேஸ் சிலிண்டர் எத்தனை நாள் வந்தது என்று அறிய அம்மா காலண்டரைப் பார்க்க மாட்டாள், என்னைக் கேட்பாள். ஊரிலிருந்து தேங்காய் மூட்டை வந்தால் அப்பா என்னைத்தான் எண்ணச் சொல்வார். நான் ஒருமுறை எண்ணியதை வேறு யாரும் மறுபடி எண்ணியதில்லை. இன்று பாதித் தலை நரைத்தும் பழக்கம் விடவில்லை. மாத்திரை அட்டையை இரண்டு தடவை எண்ணாமல் படுத்தால் தூக்கம் வருவதில்லை.

அந்தக் கம்ப்யூட்டரை அப்பா அதற்கு ஐந்து வருடங்களுக்கு முன் மதுரையில் யாரிடமோ பழையதாக வாங்கி வந்திருந்தார். அது விழித்து எழுந்திருக்க இரண்டு நிமிடம் நாற்பது வினாடி ஆகும். சிடி போட வழி கிடையாது. என் வகுப்புத் தோழன் வீட்டில் அந்தத் தீபாவளிக்குப் புதிது வாங்கியிருந்தார்கள். அதில் கார் ஓட்டலாம், கார் மோதினால் சத்தம் கேட்கும். எங்களுடையதில் சீட்டு அடுக்கலாம். அவ்வளவுதான்.

ஆனால் அது எனக்காக வாங்கியது அல்ல. அக்கா அதில் வேலை பார்த்தாள். கணிதத்தில் பட்டம் வாங்கியவள் தமிழ்த் தட்டச்சும் கற்றுக்கொண்டு, பள்ளிக்கூடங்களுக்கு வினாத்தாள் அடித்துக் கொடுத்தாள். சூத்திரங்களைப் பிழையில்லாமல் அடிக்க நகரில் அவளை விட்டால் ஆள் இல்லை என்று ஒரு தலைமையாசிரியரே வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த நவம்பரில் அரையாண்டுத் தேர்வுக்கு நாற்பத்திரண்டு வினாத்தாள்கள் கையில் இருந்தன. இருபத்தாறு முடிந்திருந்தது.

ஆவணியில் ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு குடும்பம் அவளைப் பெண் கேட்டு வந்தது. காய்கறி மண்டி வைத்திருப்பவர்கள். அக்கா ஒரு வருடம் போகட்டும் என்றாள். கையில் இருக்கும் வேலையை எப்படி விடுவது என்றாள். அப்பா நெடுநேரம் யோசித்துவிட்டு, "சரி, வேலை ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்றார். அந்த வாக்கியத்தை நானும் கேட்டேன். அதில் இருந்த சொற்கள் ஐந்தா ஆறா என்று எண்ணியிருப்பேனே தவிர, அது என்ன சொன்னது என்று யோசிக்கவில்லை.

சனிக்கிழமைக்கு வருகிறேன். அப்பா நாகல் நகரில் இருந்த மெக்கானிக்குக்குப் போன் செய்தார். அவருக்கு அன்று வேறு இடத்தில் வேலை. போனிலேயே வைத்தியம் சொன்னார். அப்பாவுக்குக் காது பாதி மந்தம். அதனால் எதிர்முனை சொல்வதை எல்லாம் உரக்கத் திருப்பிச் சொல்லித்தான் கேட்டுக்கொள்வார்.

"எத்தன தடவ பீப் அடிக்குதுன்னு பாக்கணுமா? சரி. மூணு தடவன்னா மெமரி, சின்ன வேல. சரி. அஞ்சு தடவன்னா? பிராசசரா? இதுக்கு இனிமே கெடைக்காதா? அப்ப புதுசுதானா? இருங்க, லைன்லயே இருங்க."

பிறகு என் பக்கம் திரும்பி, "ஏலே, போயி எண்ணு" என்றார்.

நான் போய்ப் பொத்தானை அழுத்தினேன். மூன்று. அணைத்துவிட்டு மறுபடி அழுத்தினேன். மூன்று. நான்கு முறை அழுத்தினேன், ஆக மொத்தம் பன்னிரண்டு. சந்தேகத்துக்கு இடமே இல்லை. அக்கா அதே அறையில், அடிக்க வேண்டிய கையெழுத்துத் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். தோழன் வீட்டுக் கார் என் கண்முன் ஓடிக்கொண்டிருந்தது.

"அஞ்சுப்பா" என்று கத்தினேன்.

அக்கா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். அவளோ தாள்களைத் தட்டி ஓரம் சேர்த்து வைத்தாள்.

அப்பா போனில் ஐந்து என்று சொன்னார். புதிது என்ன விலை ஆகும் என்று கேட்டார். "முப்பதா?" என்று ஒரே ஒரு சொல்லை மட்டும் திருப்பிச் சொன்னார். போனை வைத்துவிட்டு முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு, குடையுடன் வெளியே போனார். நான் அவர் கடைக்குப் போவதாக நினைத்து வாசலில் காத்திருந்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பியவர் கையில் ஒரு டஜன் ஆப்பிளும் வெற்றிலையும் இருந்தன. போனை எடுத்து ஒட்டன்சத்திரத்துக்குப் பேசினார். புதன்கிழமை நல்ல நாள், வாங்க என்றார்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்து, "பிள்ளைய ஒரு வார்த்த கேட்டீகளா?" என்றாள்.

"ஒரு வருசம் வேல பாக்கேன்னா. வேல பாக்க மிசின் இல்ல. புது மிசினும் வாங்கி, கல்யாணமும் செய்ய என்னால ஏலாது. ரெண்டுல ஒண்ணு."

எனக்கு அப்போதும் கவலை வரவில்லை. கல்யாணம் முடிந்ததும் கம்ப்யூட்டர் என்று வரிசை போட்டுக்கொண்டேன்.

புதன்கிழமை அவர்கள் ஒரு வேனில் வந்தார்கள். ஒன்பது பேர், ஒரு கைக்குழந்தை. மாப்பிள்ளையின் அப்பா மரியாதையான மனிதர். மேசைமேல் துணி போர்த்தியிருந்த பெட்டியைக் காட்டி, "ஏனுங்க, இதுலதான் பொண்ணு வேல பாக்குதுங்களா?" என்று விசாரித்தார்.

"அது போச்சுங்க" என்றார் அப்பா. "வேற வாங்கல."

இன்னும் வாங்கவில்லை என்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். அக்கா காபித் தட்டுடன் வந்து நின்றாள். தையில் தேதி குறித்தார்கள்.

மெக்கானிக் வந்தது அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. மானிட்டரையாவது யாருக்காவது தள்ளிவிடலாம் என்று அப்பா வரச் சொல்லியிருந்தார். அவர் பெட்டியை ஒருமுறை போட்டுப் பார்த்தார். தலையைச் சாய்த்துக் கேட்டார். மறுபடி போட்டார்.

"தம்பி, அஞ்சுன்னுல்ல போன்ல சொன்னாக? இது மூணுல்ல அடிக்குது?"

அப்பா என்னைப் பார்த்தார். அம்மா பார்த்தாள். நான் தரையில் இருந்த சிவப்புக் கட்டங்களை எண்ணத் தொடங்கினேன்.

"அன்னைக்கு அஞ்சுதான்ணே அடிச்சது" என்றாள் அக்கா. "நானும் எண்ணுனேன்."

"இருக்கும், இருக்கும். இதெல்லாம் நேரத்துக்கு ஒரு பேச்சுப் பேசும்" என்று மெக்கானிக் பெட்டியைத் திறந்தார். உள்ளேயிருந்து விரல் நீளத்தில் ஒரு பச்சை மெமரிப் பட்டையை உருவினார். "ரப்பர் இருக்கா தம்பி? பென்சில் அழிப்பீங்கல்ல, அது." என் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பட்டையின் ஓரத்தை, கணக்கைத் தப்பாகப் போட்டவன் அழிப்பதைப் போல, பத்துப் பன்னிரண்டு தேய்ப்புத் தேய்த்தார். வாயால் ஊதினார். திருப்பிச் செருகினார். ஒரே ஒரு பீப். பிறகு இரண்டு நிமிடம் நாற்பது வினாடியில் படம் வந்தது.

"அப்ப இவ வேல பாக்கலாம்லங்க" என்றாள் அம்மா மெதுவாக.

"சொல்லியாச்சு. தேதி குறிச்சாச்சு" என்றார் அப்பா. குரலில் கோபம் எதுவும் இல்லை. அந்தத் திரையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அப்பு, அந்த ஃப்ளாப்பி டப்பாவ எடு" என்றாள் என்னிடம். முடித்து வைத்திருந்த இருபத்தாறு வினாத்தாள்களையும் படியெடுத்து, ஒவ்வொரு ஃப்ளாப்பியிலும் வகுப்பையும் பாடத்தையும் தன் அழகான கையெழுத்தில் எழுதி ஒட்டினாள். மீதிப் பதினாறையும் மிசின் இல்லையென்று அந்த வாரமே திருப்பிக் கொடுத்தாயிற்று, இனி அடிக்கப்போகிறவர்களுக்குச் சிரமம் இருக்கக் கூடாது என்றாள்.

அவள் ஒட்டன்சத்திரத்தில் நன்றாகத்தான் இருக்கிறாள். அத்தான் நல்லவர். கம்ப்யூட்டர் ஓடுகிறபடியால் அப்பா அதை விற்கவில்லை. அது எனக்கென்று ஆகி, இன்னும் நான்கு வருடம் உழைத்தது.

அக்கா என்னை அடியிலிருந்து காப்பாற்றப் பொய் சொன்னாள் என்றுதான் பல காலம் நம்பியிருந்தேன். அந்த நன்றியோடுதான் அவளைப் பார்க்கப் போவேன். அவளும் அதே அறையில்தான் உட்கார்ந்திருந்தாள், மூன்று என்று அவளுக்கும் நான்கு முறை கேட்டிருக்கும், வாயைத் திறந்திருந்தால் அந்தச் சனிக்கிழமையே சின்ன வேலையாக முடிந்திருக்கும் என்பது என் தலைக்கு எட்டவே முப்பது வயது ஆயிற்று. அவளுக்கும் புதிது வேண்டியிருந்திருக்கிறது. பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா என்று எங்கள் இருவருக்கும் இரண்டே வழிகள் தெரிந்திருந்தன. அப்பாவிடம் மூன்றாவது ஒன்று இருந்ததை நான் எண்ணவில்லை. அவளும் எண்ணவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் புறப்படும்போது அப்பா கூலி எவ்வளவு என்று கேட்டார். அவர் கூச்சப்பட்டு, ரப்பரு உங்களது, இதுக்கு என்னத்த வாங்க, பெட்ரோலுக்கு மட்டும் குடுங்க சார் என்றார். அப்பா சட்டைப் பையிலிருந்து இரண்டு பத்து ரூபாய்த் தாள்களை எடுத்து என்னிடம் நீட்டினார். வழக்கம்போல நான் எண்ணிக் கொடுத்தேன். இருபது ரூபாய்.