கல்லுக்குழிச் சுடலை

மழையில் நனைந்த சரளைக்கல்லின் மணம் இன்றைக்கும் என்னை, தொண்ணூறுகளில் கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் மாடிக்கட்டடத்துக்குப் பின்னால் கிடந்த பழைய சுடலைக்கே கொண்டுபோய்விடுகிறது. அந்தக் காலத்தில் முதன்முதல் அங்கே குடியேறிப் பக்கத்துக் கல்லுக்குழியில் சரளை தோண்டிச் செத்தவர்களின் பெயர் கரைந்த கல்லறைக் கற்களுக்கு நடுவால்தான் பள்ளிக்கூடம் விட்டு வருவேன். "பொம்பிளைப்பிள்ளைக்குச் சுடலைக்குள்ளை என்ன வேலை?" என்று பேசி, பனி கொட்டும் நாளிலும் அம்மா நேரே குளிக்கத் துரத்துவா.

இப்போது அது கார் நிறுத்துமிடம். கற்களைச் சீமெந்துச் சுவரொன்றில் பதித்துவிட்டார்கள். அவற்றில் ஆகச் சின்னதாய் நின்ற கல்லைத் தேடினேன், காணவில்லை.

யாழ்ப்பாணத்தில் நின்றுவிட்ட அண்ணா செத்துப்போனான், உடலும் கிடைக்கவில்லை என்று போன் வந்த அன்று, அம்மா தனியே போய் அந்தச் சின்னக் கல்லடியில்தான் இருட்டும்வரை இருந்தா. திரும்பி வந்தவ குளிக்கவில்லை.

"குளியுங்கோவன் அம்மா" என்றேன்.

"குளிச்சா அவன் செத்திட்டான் எண்டெல்லோ ஆகிடும், பிள்ளை."